வரைந்து முடித்த பிறகு கேட்கும் கேள்வி

குடியிருப்போர் நலச் சங்கம் ஒன்றின் செயலாளர் எழுதிய கடிதம் இது. அவர் கேட்டுக்கொண்டபடி பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். நீளமான கடிதம் என்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர்கள் பகுதியில் 340 வீடுகள். ஏறக்குறைய பாதி வீடுகளில் வாடகைக்குக் குடியிருக்கிறார்கள். நடுவே வெகுகாலமாகச் சும்மா கிடக்கும் பொது நிலம் ஒன்றையும் சுற்றியுள்ள தெருக்களையும் மேம்படுத்த உள்ளாட்சி நிர்வாகம் முன்வந்திருக்கிறது. குடியிருப்பவர்களின் கருத்தைத் திரட்டி நான்கு மாதத்துக்குள் திட்டம் தரும்படி சங்கத்திடம் கேட்டிருக்கிறது. ஒன்பது பேர் கொண்ட நிர்வாகக் குழு கூடிப் பேசியது. குழுவில் உள்ள ஓய்வுபெற்ற பொறியாளர் இரண்டு வாரம் உழைத்து வரைபடம் போட்டுக் கொடுத்தார். அதில் கார் நிறுத்துமிடம், நடைபாதை, சங்கத்துக்கு ஓர் அறை எல்லாம் இருந்தன. அதன் பிறகு மக்களைக் கூட்டினார்கள். முதல் கூட்டத்துக்கு 26 பேர், இரண்டாவது கூட்டத்துக்கு 19 பேர், மூன்றாவது கூட்டத்துக்கு 14 பேர் வந்தார்கள். “எல்லாம் அதே முகங்கள்” என்கிறார் செயலாளர். வாட்ஸ்அப் குழுவில் “இத்திட்டத்தை ஆதரிக்கிறீர்களா? ஆம் / இல்லை” என்று படிவம் அனுப்பியதில் 41 பதில்கள் வந்தன. அவற்றில் 33 ‘ஆம்’.

மூன்றாவது கூட்டத்தில், பின்தெருவில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண் எழுந்து, “வரைந்து முடித்துவிட்டுத்தானே எங்களைக் கேட்கிறீர்கள்?” என்று சொல்லிவிட்டு வெளியேறிவிட்டார். “அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. இரண்டு வருடமாக அலுவலகம் முடிந்து வந்து சங்க வேலை பார்க்கிறேன். இந்த ஊர் மக்களுக்கு எதிலும் அக்கறையே இல்லை” என்று எழுதியிருக்கிறார். சங்கத் தலைவரோ, “வராதவர்கள் சம்மதித்ததாகவே பொருள், அனுப்பிவிடலாம்” என்கிறாராம். இன்னோர் உறுப்பினர், “வாடகைக்கு இருப்பவர்கள் இரண்டு வருடத்தில் வீடு மாறிப் போய்விடுவார்கள், அவர்களை ஏன் கேட்க வேண்டும்?” என்கிறாராம். ஒன்றரை மாதம் கழிந்துவிட்டது. செயலாளர் கேட்பவை இவை: மக்களைக் கூட்டத்துக்கு வரவைப்பது எப்படி, பரிசு அறிவிக்கலாமா? இருக்கிற ஆதரவோடு திட்டத்தை அனுப்பினால் சிக்கல் வருமா? பேசாமல் பொறுப்பிலிருந்து விலகிவிடலாமா?

அன்புள்ள செயலாளர் அவர்களுக்கு,

நகரத் திட்டமிடல் படித்துவிட்டு, இருபது ஆண்டுகளாக உங்களுடையதைப் போன்ற சங்கங்களோடு வேலை செய்துவருகிறேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் அந்தப் பெண் கேட்ட ஒரே வரியில்தான் வந்து நின்றேன். அதை நீங்கள் அவமானமாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்த ஒன்றரை மாதத்தில் உங்கள் சங்கத்துக்குக் கிடைத்த ஆகப் பெரிய உதவி அதுதான் என்று நான் நினைக்கிறேன். வீட்டோடு இருந்துவிட்ட முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் மனதுக்குள் வைத்துக்கொண்டதை அவர் வந்து வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். கோபத்தோடு சொன்னார் என்றால் உங்களிடம் அவருக்கு இன்னும் எதிர்பார்ப்பு மிச்சமிருக்கிறது. எதிர்பார்ப்பு வற்றியவர்கள் கூட்டத்துக்கு வந்து கோபப்பட மாட்டார்கள்.

“மக்களுக்கு அக்கறை இல்லை” என்பது பற்றி

கடிதத்தில் ஐந்து இடங்களில் இப்படி எழுதியிருக்கிறீர்கள். அதே கடிதத்தின் நாலாவது பக்கத்தில், போன மழையில் பின்தெருவில் தண்ணீர் ஏறியபோது அங்கிருந்த இளைஞர்கள் இரவோடிரவாக மண்வெட்டியோடு இறங்கி வாய்க்கால் அடைப்பை எடுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவர்கூட உங்கள் கூட்டத்துக்கு வரவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்றவர்களை அக்கறை இல்லாதவர்கள் என்று எப்படிச் சொல்வது? ஊர் மேல் அவர்களுக்கு அக்கறை இருக்கிறது. உங்கள் கூட்டத்தால் ஏதாவது மாறும் என்ற நம்பிக்கைதான் இல்லை. அக்கறையை யாரும் ஊட்ட முடியாது. நம்பிக்கையைச் சம்பாதிக்க முடியும்.

இன்னொரு விவரத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள்: வாட்ஸ்அப் குழுவில் வீட்டு உரிமையாளர்கள் மட்டுமே இருக்கிறார்கள். அப்படியானால் உங்கள் கூட்ட அறிவிப்பும் படிவமும் ஏறக்குறைய 170 வீடுகளுக்குப் போகவே இல்லை. வாடகைக்கு இருப்பவர்கள் பதில் சொல்லாமல் இருந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், ஆனால் அவர்களிடம் கேள்வியே போய்ச் சேரவில்லை. மூன்று கூட்டங்களையும் ஞாயிறு காலை பத்து மணிக்கே வைத்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போகிறவர்கள், கைக்குழந்தையோடு இருக்கும் தாய்மார்கள், படுக்கையில் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்பவர்கள் எல்லாரும் மூன்று முறையும் ஒரே காரணத்தால் வெளியே நின்றுவிட்டார்கள்.

இது உங்கள் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 97 ஊர்களில் நடந்த திட்டக் கூட்டங்களின் குறிப்புகளை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எடுத்து, அவற்றில் பேசியவர்களின் பெயர்களை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஊரின் மற்ற வாக்காளர்களைவிடப் பேசியவர்கள் வயதில் மூத்தவர்களாகவும், ஆண்களாகவும், சொந்த வீடு உள்ளவர்களாகவும், நெடுங்காலம் அங்கேயே இருப்பவர்களாகவும் கூடுதலாக இருந்தார்கள். கதவைத் திறந்து வைத்துவிட்டால் எல்லாரும் வருவார்கள் என்பது நம்மில் பலருக்கும் இருக்கும் எண்ணம். திறந்த கதவு வழியாகவும் எப்போதும் வருகிறவர்களே வருகிறார்கள். மற்றவர்களிடம் நாம்தான் போக வேண்டும்.

ஷெரி ஆர்ன்ஸ்டீன் என்ற பெண்மணி அமெரிக்க அரசின் நகர மேம்பாட்டுத் திட்டத்தில் மக்கள் பங்கேற்பைக் கவனித்துக்கொண்டவர். 1969இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று எங்கள் துறையில் இன்றும் பாடமாக இருக்கிறது. மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக அவர் வைத்தார். அடியில் உள்ள இரண்டு படிகளில் பங்கேற்பு என்ற பெயர் மட்டும்தான் இருக்கும். நடுவில் உள்ள மூன்றில் மக்களுக்குத் தகவல் சொல்வார்கள், கருத்தும் கேட்பார்கள், ஆனால் கேட்டபடி நடக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. மேலே உள்ள மூன்றில்தான் முடிவெடுக்கும் அதிகாரத்தில் மக்களுக்குப் பங்கு வருகிறது. உங்கள் மூன்று கூட்டங்களும் மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் இடையில் நின்றன. பின்தெருப் பெண் இந்தக் கட்டுரையைப் படித்திருக்க மாட்டார். தான் எந்தப் படியில் நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மௌனம் சம்மதமா?

உங்கள் தலைவரின் வாதத்துக்கு வருகிறேன். அவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. கெடு முடிந்து வாய்ப்பே கைநழுவிவிடுமோ என்று பதறுகிறார். ஆனாலும் அவர் சொல்வது தவறு. சங்கத்தின் உள்நிர்வாகத் தீர்மானங்களுக்குக் கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர் எண்ணிக்கை, இருந்தால் போதும் என்று உங்கள் விதிமுறைகள் சொல்லலாம். சந்தா எவ்வளவு, கணக்கு யார் பார்ப்பது போன்றவற்றை அப்படித் தீர்மானிக்கலாம். “இந்தப் பகுதி மக்களின் கருத்து இது” என்று வெளியே ஒரு நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுப்பது வேறு. சங்கத்தில் உறுப்பினராகவே இல்லாதவர்களின் சார்பிலும் அங்கே பேசுகிறீர்கள். அவர்களுடைய மௌனத்தை உங்கள் ஆதரவுக் கணக்கில் சேர்க்க எந்தக் கோரமும் இடம் தராது.

எண்களையும் ஒருமுறை நேராகப் பார்த்துவிடுங்கள். 41இல் 33 என்றால் நூற்றுக்கு எண்பது, கேட்க நன்றாக இருக்கிறது. 340இல் 33 என்றால் நூற்றுக்குப் பத்து வீடுகூட இல்லை. “பெரும்பான்மை ஆதரவோடு” என்று எழுதி அனுப்பிய பிறகு, பின்தெருவிலிருந்து அறுபது பேர் கையெழுத்திட்டு ஒரு மறுப்பு மனு கொடுத்தால் என்ன ஆகும்? திட்டம் நிறுத்திவைக்கப்படலாம். அதைவிட, அடுத்த முறை உங்கள் சங்கத்தின் கடிதத்தை அந்த அலுவலகத்தில் யாரும் நம்ப மாட்டார்கள். உண்மைக்கு மாறாக எழுதிக் கையெழுத்திட்டவர் என்ற பழி செயலாளரான உங்கள் மேல்தான் விழும். இதில் சட்டப் பொறுப்பு எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். உங்கள் சங்க விதிமுறைகளையும் நிர்வாகம் அனுப்பிய கடிதத்தையும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். அதுவரை, “அனைவரின் ஒப்புதலுடன்” என்ற சொற்கள் உள்ள எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட வேண்டாம்.

யாரைக் கேட்டோம், எத்தனை பேர் பதில் சொன்னார்கள், யாரை எட்ட முடியவில்லை, எதில் கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதை அப்படியே எழுதி அனுப்புங்கள். குறையை ஒளிக்காத அறிக்கையைத்தான் அனுபவமுள்ள அதிகாரிகள் நம்புவார்கள். எல்லாரும் ஒருமனதாக ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தால் அவர்களுக்கே சந்தேகம் வரும்.

இன்னொரு காரியத்தையும் இந்த வாரமே செய்யுங்கள். கூடுதல் அவகாசம் கேட்டு நிர்வாகத்துக்கு எழுத்து மூலமாகக் கடிதம் கொடுங்கள். எத்தனை வாரம் வேண்டும், அந்த வாரங்களில் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அதில் தெளிவாகச் சொல்லுங்கள். கிடைக்காமலும் போகலாம். கேட்டதற்குச் சான்று இருப்பது பின்னால் உதவும்.

வாடகைக்கு இருப்பவர்கள்

இரண்டு வருடத்தில் போய்விடுவார்கள் என்கிறார் உங்கள் உறுப்பினர். ஒரு குடும்பம் போகலாம், அந்த வீட்டுக்கு இன்னொரு குடும்பம் வாடகைக்கு வரும். அந்த நிலத்தின் பக்கமாகப் பள்ளிக்குப் போகும் குழந்தை ஏதாவது ஒரு வாடகை வீட்டிலிருந்து எப்போதும் போய்க்கொண்டேதான் இருக்கும். பொது நிலம் பொதுப் பணத்தில் சீராகிறது. அங்கே குடியிருப்பவர் யாராக இருந்தாலும் அதைப் பற்றிச் சொல்ல அவருக்கு இடம் உண்டு. பத்திரம் வைத்திருப்பவருக்கு மட்டும் தெரியும் விஷயங்கள் சில இருக்கலாம். இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் நடப்பவருக்கு மட்டும் தெரியும் விஷயங்களும் உண்டு.

என் அனுபவத்தில் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு குடியிருப்பில் நாங்கள் ஒரு குறுக்கு நடைபாதை போட்டிருந்தோம். பஸ் நிறுத்தத்துக்குப் போகும் தூரம் பாதியாகக் குறையும் என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. கடைசி பஸ்ஸில் வேலையிலிருந்து திரும்பும் ஒரு பெண்ணை அவர் வீட்டு வாசலில் சந்தித்தபோது, “அந்த வழியில் இரண்டு பக்கமும் மதில். யாராவது எதிரே வந்தால் ஒதுங்க இடமில்லை. நான் சுற்றிக்கொண்டுதான் போவேன்” என்றார். அவரும் வாடகைக்கு இருந்தவர்தான். எங்கள் வரைபடத்தில் மதில் ஒரு கோடாக மட்டுமே இருந்தது. அன்று முழுப் பாதையையும் மாற்றிப் போட்டோம். கூட்டத்துக்கு அவர் வந்திருக்கவே மாட்டார், ஏனென்றால் கூட்டம் நடக்கும் நேரத்தில் அவர் வேலையில் இருப்பார்.

இனி இருக்கும் பத்து வாரங்கள்

முதலில் வரைபடத்தைக் கொஞ்ச நாள் உள்ளே வையுங்கள். பொறியாளர் மனம் வருந்தக்கூடும். அவருடைய உழைப்பு வீணாகாது என்று நேரில் போய்ச் சொல்லுங்கள். அளவுகளும் வடிகால் மட்டங்களும் பிறகு கட்டாயம் தேவைப்படும். இப்போதைக்கு அவரிடம் வேறொரு உதவி கேளுங்கள்: எவை ஏற்கெனவே முடிவாகிவிட்டன, எவற்றை மாற்றவே முடியாது, எவை மக்கள் கையில் இருக்கின்றன என்று மூன்று பகுதியாக ஒரே பக்கத்தில் எழுதித் தரட்டும். நிலத்தின் எல்லையையும், அடியில் போகும் பெரிய குழாயையும், மொத்த நிதியையும் யாரும் மாற்ற முடியாது என்றால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாற்ற முடியாததைக் கேள்வியாகக் கேட்டு, கடைசியில் கைவிரிப்பதைப் போல மக்களை வெறுப்பேற்றுவது வேறில்லை. மூன்றாவது பகுதியில் எழுத ஒன்றுமே இல்லை என்றால் கருத்துக் கேட்பதையே விட்டுவிடுங்கள். “இதுதான் நடக்கப்போகிறது” என்று நேர்மையாக அறிவித்துவிடலாம்.

அடுத்தது வீடு வீடாகப் போவது. 340 வீடு என்றதும் மலைப்பாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பன்னிரண்டு பேர் கிடைத்தால் ஆறு ஜோடி. ஒரு ஜோடிக்கு 57 வீடு. வீட்டுக்குக் கால் மணி நேரம் என்றால் பதினான்கு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். சனி, ஞாயிறு இரண்டு நாளும் இரண்டிரண்டு மணி நேரம் ஒதுக்கினால் நான்கு வாரத்தில் முடிந்துவிடும். பூட்டியிருக்கும் வீடுகளுக்கு வேலை நாளில் ஒரு மாலை மறுபடி போங்கள். பன்னிரண்டு பேரில் நிர்வாகக் குழுவினர் பாதிக்கு மேல் இருக்க வேண்டாம். மண்வெட்டியோடு வந்த அந்த இளைஞர்களைக் கேளுங்கள். “கூட்டத்துக்கு வா” என்று அழைத்தால் வராதவர்கள் “ஒரு வேலை இருக்கிறது, கை கொடு” என்றால் வருவார்கள். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஜோடியிலும் முடிந்தவரை ஒரு பெண் இருக்கட்டும். தெருவுக்கு ஒருவராவது அந்தத் தெருக்காரராக இருக்கட்டும். தெரிந்த முகத்துக்குக் கதவு முழுதாகத் திறக்கும்.

போய் என்ன கேட்பது? “ஆதரிக்கிறீர்களா” என்று கேட்காதீர்கள். அந்த நிலத்தின் பக்கம் நீங்களும் உங்கள் வீட்டாரும் எப்போது, எதற்காகப் போகிறீர்கள்? அங்கே போகப் பயப்படுகிற, போகாமல் தவிர்க்கிற நேரம் எது? மூன்று வருடம் கழித்து அங்கே என்ன நடந்துகொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? இந்த மூன்று போதும். ஒருவர் பேச, ஒருவர் எழுத வேண்டும். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள், உங்கள் மொழிக்கு மாற்றிவிடாதீர்கள். பாட்டி ஒருவர் “உட்கார ஒரு திண்ணை” என்றால் திண்ணை என்றே எழுதுங்கள். “முதியோருக்கான ஓய்வு வசதி” என்று எழுதினால் அவர் கேட்டது தொலைந்துவிடும். குழந்தைகளையும் கேளுங்கள். அந்த நிலத்தில் மற்ற எல்லாரையும்விட அதிக நேரம் இருப்பவர்கள் அவர்கள்தான்.

பெயர், தொலைபேசி எண் எல்லாம் கட்டாயம் கேட்க வேண்டியதில்லை. தருகிறவர்களின் எண்ணைத் தனித்தாளில் எழுதி, கருத்துத் தாளோடு சேர்க்காமல் வையுங்கள். யார் என்ன சொன்னார் என்பது வாட்ஸ்அப் குழுவில் ஒருமுறை கசிந்தால் போதும், அத்தோடு எல்லாக் கதவும் மூடிவிடும். வீட்டு உரிமையாளருக்குப் பிடிக்காததைச் சொல்லும் வாடகைதாரருக்கு இது வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அளவுக்குப் போகக்கூடிய ஆபத்து.

இந்தச் சுற்று முடிந்த பிறகு கூட்டம் வையுங்கள், ஒன்றுக்கு இரண்டாக, வேறு வேறு நேரங்களில். மேடையும் மைக்கும் வேண்டாம். ஆறேழு பேர் கொண்ட வட்டங்களாக உட்கார வையுங்கள். முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் ஆளுக்கொரு தாளில் எழுதட்டும் அல்லது வரையட்டும். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் ஒருவர் உதவட்டும். குரல் பெரிதானவர்களுக்குக் கிடைக்கும் முன்னுரிமை அந்தப் பத்து நிமிடத்தில் இல்லாமல் போகும். பிரிட்டனில் 1970களில் டோனி கிப்சன் என்பவர் உருவாக்கிய முறை ஒன்று எனக்கு மிகப் பிடித்தமானது. குடியிருப்பவர்களே, பல இடங்களில் பள்ளிக் குழந்தைகளே, தங்கள் பகுதியை அட்டையில் மாதிரியாகச் செய்வார்கள். தூக்கிக்கொண்டு போகக்கூடியபடி துண்டு துண்டாகச் செய்து, மக்கள் இருக்கும் இடங்களுக்கே எடுத்துப் போவார்கள். யார் வேண்டுமானாலும் தனக்குத் தேவையானதைச் சீட்டில் எழுதி, வேண்டிய இடத்தில் வைக்கலாம். எழுந்து நின்று பேசத் தயங்குபவர்கூட ஒரு சீட்டை வைத்துவிட்டுப் போவார். எது யாருடைய சீட்டு என்று தெரியாததால், சீட்டைப் பற்றித்தான் பேச்சு நடக்கும், ஆளைப் பற்றி நடக்காது. உங்களிடம் அட்டைப் பெட்டிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தால் போதும். பொறியாளரின் அளவுகள் இங்கே கைகொடுக்கும்.

கூட்டத்தோடு சேர்த்து நிலத்தைச் சுற்றி ஒருமுறை எல்லாருமாக நடந்து பாருங்கள். இருட்டிய பிறகும் ஒருமுறை நடங்கள். சக்கர நாற்காலியில் வரும் ஒருவரையும் குழந்தையைத் தள்ளுவண்டியில் தள்ளி வரும் ஒருவரையும் கட்டாயம் அழையுங்கள். அவர்கள் நிற்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பரிசு பற்றிக் கேட்டிருந்தீர்கள். கருத்துச் சொல்வதற்குப் பரிசு வேண்டாம். பரிசுக்காக வருபவர் உங்களுக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் வருவதற்கு உள்ள தடையை எடுப்பது வேறு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள இருவர், நடக்க முடியாதவரை அழைத்து வர ஒரு வண்டி, வேறு மொழி பேசும் குடும்பங்களுக்கு மொழிபெயர்க்க ஒருவர் என்று ஏற்பாடு செய்யுங்கள். சங்கப் பணத்தை இதற்குச் செலவிடுங்கள்.

கருத்துகள் மோதும்போது

மோதும். கார் நிறுத்துமிடம் வேண்டும் என்பவர்களும் விளையாட இடம் வேண்டும் என்பவர்களும் ஒரே நிலத்தைத்தான் பார்க்கிறார்கள். அவசரப்பட்டு வாக்கெடுப்புக்குப் போகாதீர்கள். வாக்கெடுப்பு முடிந்ததும் ஊர் இரண்டாகிவிடும். ஒவ்வொருவரும் கேட்பதற்குப் பின்னால் என்ன தேவை இருக்கிறது என்று பொறுமையாக விசாரியுங்கள். கார் நிறுத்த இடம் கேட்பவர் இரவில் வண்டியில் கீறல் விழுவதால் கேட்கலாம். அவருக்குத் தெருவிளக்கே போதுமானதாக இருக்கலாம். பகலில் கார்கள் வெளியே போயிருக்கும் நேரமும் குழந்தைகள் விளையாடும் நேரமும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்துப் பாருங்கள். இதன் பிறகும் தீராதவை சில மிஞ்சும். அவற்றில் வாக்குகளை எண்ணுவதோடு, யாருக்கு அதிக இழப்பு என்பதையும் பாருங்கள். நூறு பேருக்குச் சிறு வசதியும் பத்துப் பேருக்குப் பெரும் பாதிப்பும் வரும் இடத்தில், அந்தப் பத்துப் பேரிடம் தனியாகப் போய்ப் பேசாமல் முடிவெடுக்கக் கூடாது.

பதில் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்

சங்கங்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். கருத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள், பிறகு சத்தமே இருக்காது. சொன்னவருக்குத் தன் சொல் என்ன ஆயிற்று என்று தெரியாது. அடுத்த முறை அவர் வாயைத் திறக்க மாட்டார். எனவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே பக்கத்தில் எழுதி, வாட்ஸ்அப்பில் மட்டும் போடாமல், தெருமுனைகளிலும் ஒட்டுங்கள். நீங்கள் சொன்னது இது, அதனால் மாறியது இது, செய்ய முடியாதது இது, காரணம் இது. நான்காவது வரியை விட்டுவிடவே கூடாது. “முடியாது” என்பதை மக்கள் ஏற்றுக்கொள்வார்கள். காரணம் சொல்லாத “முடியாது”தான் அவர்களை உறுத்தும்.

பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989இல், நகராட்சி வரவுசெலவுத் திட்டத்தில் புதிய பணிகளுக்கான பணத்தை எங்கே செலவிடுவது என்று பகுதிவாரியாக மக்களே கூடி முடிவு செய்யும் முறையைத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் வந்தவர்கள் குறைவுதான். கேட்ட சாலையும் கழிவுநீர்க் குழாயும் கண்ணெதிரே வரத் தொடங்கியதும் கூட்டம் ஆண்டுக்கு ஆண்டு பெருகியது. இன்று உலகில் பல்லாயிரம் ஊர்களில் அந்த முறை ஏதோ ஒரு வடிவில் நடக்கிறது.

நீங்களும் இறுதித் திட்டத்துக்காகக் காத்திருக்காமல், வீடு வீடாகப் போகும்போது அதிகம் பேர் சொல்லும் ஒரு சின்னக் குறையை இந்தப் பத்து வாரத்துக்குள் தீர்த்துக் காட்டுங்கள். எரியாத விளக்காக இருக்கலாம், உடைந்த வாய்க்கால் மூடியாக இருக்கலாம். நிர்வாகத்தோடு உங்களுக்கு இருக்கும் பழக்கம் அதற்குப் போதும்.

விலகலாமா?

வேண்டாம் என்பேன். அலுவலகம் முடிந்து வந்து இரண்டு வருடம் உழைத்திருக்கிறீர்கள். அந்தக் களைப்பு எனக்குப் புரிகிறது. உடல்நிலையோ குடும்பமோ காரணமாக இருந்தால் தாராளமாக விலகுங்கள், யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெண் கேட்ட கேள்வியால் விலகினால், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே யாரும் மிஞ்ச மாட்டார்கள். அந்த இரவில் தூங்காமல் இருந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்று தோன்றுகிறது. உங்கள் தலைவர் நன்றாகத் தூங்கியிருப்பார்.

பாஸ்டன் நகரின் டட்லி தெருப் பகுதியில் 1985இல் இதேபோல ஒன்று நடந்தது. தீ வைப்பாலும் புறக்கணிப்பாலும் காலி மனைகள் நிறைந்துபோன ஏழைப் பகுதி அது. ஓர் அறக்கட்டளையும் சில அமைப்புகளும் சேர்ந்து, நல்லெண்ணத்தோடுதான், அந்தப் பகுதியைச் சீரமைக்க ஒரு குழுவை அமைத்துவிட்டு மக்களைக் கூட்டினார்கள். குழுவில் குடியிருப்பவர்களுக்கு விரல்விட்டு எண்ணும் இடங்களே இருந்தன. “உங்களில் எத்தனை பேர் இங்கே குடியிருக்கிறீர்கள்?” என்று மக்கள் எழுந்து கேட்டார்கள். அமைப்பாளர்கள் எழுந்து போய்விடவில்லை. திட்டத்தைத் திருத்திக் குழுவில் குடியிருப்பவர்களைப் பெரும்பான்மையாக்கினார்கள். அவர்கள் முதலில் கையில் எடுத்தது பெரிய கனவு எதையும் அல்ல, தங்கள் பகுதியில் வெளியாட்கள் குப்பை கொட்டுவதைத்தான். அதை நிறுத்திக் காட்டினார்கள். 1988இல், காலி மனைகளைப் பொதுத் தேவைக்காகக் கையகப்படுத்தும் அதிகாரமே அந்த மக்கள் அமைப்பின் கைக்கு வந்தது. அமெரிக்காவில் ஒரு குடியிருப்பு அமைப்புக்கு அப்படிக் கிடைத்தது அதுவே முதல்முறை.

அவர்களுக்கும் முதலில் வந்தது பின்தெருக்காரர் உங்களிடம் கேட்ட அதே கேள்விதான்.

ஆகவே இந்த வாரம் அவர் வீட்டுக்குப் போங்கள். தலைவர் வர வேண்டாம், நீங்கள் மட்டும் போங்கள். “நீங்கள் கேட்டது சரி. முதலிலிருந்து தொடங்கலாம் என்று இருக்கிறோம். உங்கள் தெருவில் நான் யார் யாரைப் பார்க்க வேண்டும்?” என்று கேளுங்கள். அவர் முகம் கொடுத்துப் பேசாமலும் போகலாம். அப்படியானால் எண்ணைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் மறுபடி போங்கள். போகும்போது கையில் ஒரு வெற்றுத் தாளும் பேனாவும் இருக்கட்டும். அந்த வரைபடம் வீட்டிலேயே இருக்கட்டும்.